ஆகாயத்தில் ஓர் உத்தியோகம்

ஆகாய விமானத்தில் பிரயாணிகளைக் கவனித்துக்கொள்வதற்கு முதன்முதலாக ஒரு பெண் அமர்த்தப்பட்டது 1930-ஆம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓக்லண்டிலிருந்து சிக்காகோ நகரத்துக்குப் புறப்பட்ட போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் விமானத்தில், 14 பிரயாணிகளோடு அன்று ஏறிய எல்லன் சர்ச் என்னும் அம்மையார் தாதித் தொழில் பயின்றவர். விமானம் ஓட்டவும் கற்றிருந்தவர். விமானியாகவே பணிபுரிய வேண்டும் என்ற ஆசையோடு கம்பெனியாரை அணுகிய அவருக்கு, பெண்ணாய்ப் பிறந்த ஒரே காரணத்தால் அந்த ஸ்தானம் கிடைக்காது என்று தெரிந்தபோது, பறப்பதற்கு அஞ்சுகின்ற ஜனங்களுக்குத் தைரியம் உண்டாகும்படி ஒரு தாதியை உடன் அனுப்பினால் என்ன என்ற யோசனையை அவரே எடுத்துச் சொன்னார். கம்பெனியாரும் அவரையும் வேறு ஏழு தாதிகளையும் மூன்று மாத காலத்துக்குப் பரீட்சார்த்தமாக நியமித்தார்கள். வயது 25-க்கு மேற்படலாகாது, விவாகமாகியிருக்கக் கூடாது, உயரம் 5 அடி 4 அங்குலத்துக்கும் எடை 115 பவுண்டுக்கும் மிகலாகாது என்பவை நிபந்தனைகள். மாதச் சம்பளம் 125 டாலர். வழியில் 13 இடங்களில் இறங்கி ஏறி, சுமார் 20 மணி நேரத்தில் சிக்காகோ போய்ச் சேர்ந்த அந்தப் பிரயாணத்தோடு ஒரு புதிய உத்தியோகம் உலகத்தில் பிறந்தது.

அந்த உத்தியோகத்தின் நிறையும் குறையும் அது பிறந்த அன்றே அதனோடு கூடப் பிறந்துவிட்டன. பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதே அரிதாயிருந்த காலத்தில் அவர்களுக்கு ஆகாயத்தையே திறந்துவிட்ட பெருமை ஒரு பக்கம் இருக்க, வயதையும் எடையையும் விவாகத்தையும் அளந்து பார்த்து, அளவு தவறினால் வெளியே அனுப்பிவிடுகிற சிறுமை மற்றொரு பக்கத்தில் இருந்தது. இன்று மேல்நிலைப் பள்ளியை முடித்த எத்தனையோ பெண்களும் பிள்ளைகளும் இந்த வேலையின்மேல் ஆசை வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரோ அனுப்பலாமா, கூடாதா என்று தீர்மானிக்க முடியாமல் தவிக்கிறார்கள். ஆதலால் இதன் சாதக பாதகங்களைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது உசிதம்.

பிரயாணிகள் ஏறும்போது கைகூப்பி வரவேற்று, ஆசனத்தைக் காட்டி, உணவும் காபியும் கொடுத்து, இறங்கும்போது விடைகொடுத்து அனுப்புகிற காரியத்தையே நாம் விமானப் பணியாளருடைய முழு வேலை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் 50 ஆசனங்களுக்கு ஒருவர் வீதமாவது பணியாளர் இல்லாமல் விமானம் கிளம்பலாகாது என்று இந்தியா, அமெரிக்கா முதலிய நாடுகளின் விதிகள் வற்புறுத்துவது காபி கொடுப்பதற்காக அன்று. ஆபத்து நேர்ந்தால் ஜனங்களை உயிரோடு வெளியேற்றுவதற்காக. ஒரு புதிய ரகப் பெரிய விமானம் உபயோகத்துக்கு வருமுன், அதன் வாயில்களில் பாதி அடைபட்டிருக்க, வெளிச்சமும் குன்றியிருக்க, நிறைந்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் 90 விநாடிகளுக்குள் வெளியேறிவிட முடியும் என்று நிரூபித்துக் காட்டியாக வேண்டும். அந்த 90 விநாடிக் கணக்கு பணியாளரின் குரலையும் கையையும் நம்பிப் போடப்பட்ட கணக்கு. கிளம்பிய பின் மூன்று நிமிஷமும், இறங்குவதற்கு முன் எட்டு நிமிஷமும் ஆபத்து மிகுந்த வேளை என்பது இத்துறையினரிடையே வழங்கும் வாசகம். அந்த வேளைகளில் வாயிலருகே ஜம்ப் சீட் என்கிற மடக்கு ஆசனத்தில் பட்டையை இறுக்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பணிப்பெண் சற்றே இளைப்பாறுகிறாள் என்று நாம் நினைக்கிறோம்; அவளோ, இந்த க்ஷணத்தில் நெருப்புப் பற்றினால் எந்தக் கதவைத் திறப்பது, என்ன சொல்லிக் கூவுவது, அருகில் இருப்பவர்களில் யாருடைய உதவியை நாடுவது என்று மனத்துக்குள்ளே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்கேற்பவே அவர்களுடைய பயிற்சியும் அமைந்திருக்கிறது. சிகை அலங்காரமும் உடையும் உபசார வார்த்தைகளும் அதில் ஒரு சிறு பகுதி. தீயை அணைத்தல், புகை சூழ்ந்த அறையில் தடவித் தடவி வழி காணுதல், சறுக்குப் பாதையில் குதித்தல், நீரில் இறங்கிய விமானத்திலிருந்து மிதவைப் படகில் ஜனங்களை ஏற்றுதல், மூச்சு நின்றவருக்கு மார்பை அழுத்திப் பிராணனை மீட்டல், ஆகாயத்திலேயே பிரசவ வேதனை கண்டவளுக்குத் துணை நிற்றல், பலாத்காரமாக விமானத்தைக் கைப்பற்றுவோரிடம் நடந்துகொள்ளுதல் ஆகிய இவையே பெரும் பகுதி. வாரக்கணக்காக, சில கம்பெனிகளில் மாதக்கணக்காக இந்தப் பயிற்சி நடக்கிறது. தேறியவர்களும் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை திரும்பவும் பரீட்சைக்கு உட்பட்டாக வேண்டும்.

இனி இந்த உத்தியோகத்தின் நன்மைகளைப் பார்ப்போம். பட்டப் படிப்பு இல்லாமலே, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய அளவிலே, இருபது வயதுக்குள் ஒரு பெண் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் நிற்க முடிகிற துறைகள் நம் நாட்டில் அதிகமில்லை. அவற்றுள் இது ஒன்று. சம்பளத்தோடு பறக்கும் மணிக்கேற்ற படியும், வெளியூரில் தங்கும் நாட்களுக்கு ஹோட்டல் வசதியும் உணவுச் செலவும் கிடைக்கின்றன. தமக்கும் பெற்றோருக்கும் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் கிடைப்பதால், ரயிலில் முதல் வகுப்பையே கண்டிராத ஒரு தகப்பனாரும் தாயாரும் மகளுடைய உத்தியோகத்தின் பயனாகக் கடல் கடந்த தேசங்களைப் பார்த்து வருகிற பாக்கியம் பல குடும்பங்களுக்கு வாய்த்திருக்கிறது. லே-ஓவர் என்று சொல்லப்படும் இடைத் தங்கலில், ஒருநாள் லண்டன் வீதியிலும் மறுவாரம் சிங்கப்பூர்ச் சந்தையிலும் நடந்து, வெவ்வேறு ஜனங்களின் உணவையும் பேச்சையும் நடையுடையையும் நேரில் அறிகின்ற கல்வி எந்தக் கலாசாலையும் கொடுக்க முடியாத கல்வி.

இவற்றைக் காட்டிலும் மேலான நன்மை குணத்தைச் சேர்ந்தது. ஒரே நாளில் மந்திரியையும் கூலி வேலைக்காகக் கடல் கடந்து போகிற தொழிலாளியையும், புதுமணத் தம்பதிகளையும், மரணச் செய்தி கேட்டு ஊருக்கு ஓடுகிற மகனையும் எதிர்கொண்டு, அவரவர்க்கு வேண்டிய வார்த்தையை அறிந்து சொல்லப் பழகிய ஒருவருக்கு, மனிதர்களைப் பற்றிய அச்சம் அற்றுப் போகிறது. ஆபத்து வேளையில் கலங்காத சமயோசித புத்தியும், கூட்டாக உழைக்கிற பழக்கமும், காலந் தவறாமையும் வாழ்நாள் முழுவதும் உடன் வருகின்ற செல்வங்கள். இந்த வேலையை விட்டுப் பிற துறைகளுக்குச் சென்றவர்கள் அங்கும் சிறந்து விளங்குவதற்கு இந்தச் செல்வங்களே காரணம்.

ஆயினும் இவற்றுக்குக் கொடுக்கவேண்டிய விலையை யாரும் மறைக்கலாகாது. முதலில் சரீர சிரமம். விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் அதன் உள்ளே காற்றின் அழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருக்கிற அளவுக்கு வைக்கப்படுகிறது. ஆகவே, உதகமண்டலத்தை ஒத்த உயரத்துக்கு ஒரே நாளில் பல முறை ஏறி இறங்கி, அந்த மெல்லிய காற்றிலே கனத்த உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பானது அவர்களுடைய உழைப்பு. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் குறைவாயிருப்பதால் கண்ணும் தொண்டையும் தோலும் உலர்கின்றன. வெகு நேரம் நிற்பதால் காலும் முதுகும் தளர்கின்றன. தேசத்துக்குத் தேசம் பொழுது மாறுவதால், ஊர் உறங்கும்போது விழித்தும், ஊர் விழித்திருக்கும்போது உறங்க முயன்றும் தேகத்தின் இயற்கைக் கடிகாரம் நிலைகுலைகிறது. வான்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சு தரையில் இருப்பதைவிட அந்த உயரத்தில் அதிகம் என்பதால், விமானப் பணியாளரையும் கதிர்வீச்சுக்கு உட்பட்ட தொழிலாளராகவே விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையார் 5,000-க்கும் மேற்பட்ட பணியாளரை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவில், மார்பகப் புற்றுநோயும் தோல் புற்றுநோயும் பொது ஜனங்களைவிட அவர்களிடையே மிகுதியாகக் காணப்பட்டன.

ஆகாயத்தின் கொந்தளிப்பும் அவர்களையே முதலில் தாக்குகிறது. பிரயாணிகள் பட்டை கட்டி அமர்ந்திருக்கும்போது நிற்பவர்கள் அவர்கள்தாமே. 2024 மே 21-ந் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், காலை உணவு பரிமாறும் வேளையில் மியான்மார் தேசத்துக்கு மேலே கடுங் கொந்தளிப்பில் அகப்பட்டு, ஐந்து விநாடிக்கும் குறைந்த நேரத்தில் 178 அடி கீழே இறங்கிற்று. ஒரு பிரயாணி உயிரிழந்தார், பிரயாணிகளும் பணியாளருமாகப் பலர் காயமுற்றார்கள்.

அவர்கள் மௌனமாகச் சகித்த இன்னொரு துன்பத்தால் விளைந்த நன்மையை இன்று நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம். விமானத்தினுள் புகை பிடிப்பது சகஜமாயிருந்த காலத்தில், அடைபட்ட அந்தக் காற்றை ஆண்டுக்கணக்காகச் சுவாசித்துப் பிணியுற்ற அமெரிக்கப் பணிப்பெண்கள், புகையிலைக் கம்பெனிகளின்மேல் 1991-ல் பிளாரிடா மாகாணத்தின் மியாமி நகரில் வழக்குத் தொடர்ந்தார்கள். நார்மா பிராயின் என்ற பணிப்பெண் வழக்காடிகளின் முன்னணியில் நின்றார். அவர் புகை பிடிக்கும் பழக்கமே இல்லாதிருந்தும் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளானவர். 1997-ல் ஏற்பட்ட சமரசத்தின்படி ஆராய்ச்சிக்காக 30 கோடி டாலர் கொடுக்கக் கம்பெனிகள் இசைந்தன. அந்நாட்டில் 1988-ல் இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட பிரயாணங்களில் தொடங்கிய புகைத் தடை, 2000-ல் அங்கிருந்து புறப்படும் விமானங்கள் அனைத்துக்கும் விரிந்ததற்குப் பணிப்பெண்களின் விடாமுயற்சி ஒரு முக்கிய காரணம்.

சரீரத்துக்கு அடுத்தபடி குடும்பம். ரோஸ்டர் என்கிற வேலை அட்டவணை தீபாவளியையும் பொங்கலையும் அறியாது. தங்கையின் கல்யாணத்துக்கும் தகப்பனாரின் சஷ்டியப்தபூர்த்திக்கும் லீவு கிடைப்பது நிச்சயமில்லை. ஸ்டாண்ட்பை என்று குறிக்கப்பட்ட நாளில், அழைப்பு வருமோ வராதோ என்று தெரியாமல், உடுத்தித் தயாராய்ப் பெட்டியும் கையுமாகக் காத்திருக்கவேண்டும். அந்நிய நகரத்து ஹோட்டல் அறை எவ்வளவு சௌகரியமாயிருந்தாலும், நோய்வாய்ப்பட்ட ஓர் இரவில் அங்கே தலையைத் தடவிக்கொடுக்கத் தாயார் இல்லை. சிறு குழந்தையை விட்டுப் பல நாள் பிரிந்திருக்கும் தாய்மார் படும் வேதனையையோ சொல்லவேண்டுவதில்லை.

சம்பள விஷயத்திலும் வெளியார் அறியாத ஒரு குறை உண்டு. பல நாடுகளில் விமானத்தின் கதவு மூடிய பின்னரே, அல்லது அது நகரத் தொடங்கிய பின்னரே கூலிக் கணக்கு ஆரம்பமாகிறது; அதற்கு முன் பிரயாணிகளை ஏற்றுவதும், பாதுகாப்புச் சாதனங்களைச் சோதிப்பதும், தாமதத்தால் கோபமுற்றவர்களைச் சமாதானப்படுத்துவதும் கணக்கில் சேர்வதில்லை. அமெரிக்காவின் டெல்டா கம்பெனி, ஏற்றும் நேரத்துக்கும் பாதி விகிதத்தில் கூலி கொடுக்கத் தொடங்கியது 2022-ல்தான். கனடாவில் 2025 ஆகஸ்ட் மாதம் ஏர் கனடாவின் பணியாளர் சுமார் 10,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, தரையில் உழைக்கும் நேரத்துக்கும் கூலி வேண்டும் என்பதே அவர்களுடைய முக்கியமான கோரிக்கையாயிருந்தது.

சரீரமும் பொருளும் போக, மனத்தின் சிரமம் ஒன்று இருக்கிறது. ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், டெல்டா கம்பெனியின் பணியாளரிடையே இருந்து ஆராய்ந்து 1983-ல் எழுதிய நூலில், கைகால் உழைப்பைப் போலவே உணர்ச்சியைக் கொடுத்து உழைக்கிற உழைப்பும் உண்டு என்று விளக்கினார். தன் உள்ளத்தில் துக்கம் இருந்தாலும் முகத்தில் மலர்ச்சி காட்டவேண்டும். குடித்துவிட்டுக் கூச்சலிடுகிறவனிடமும், தகாத வார்த்தை பேசுகிறவனிடமும், சமயம் பார்த்துக் கையைத் தொடுகிறவனிடமும் பொறுமை இழக்கலாகாது. நாள்தோறும் இப்படித் தன் உணர்ச்சியைத் தானே அடக்கி ஆளுகிறவர்களுக்கு, வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னும் தம் சிரிப்பு தமக்குச் சொந்தமானதா என்ற சந்தேகம் உண்டாகிவிடுகிறது.

இந்தச் சிறுமைகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால், பணிப்பெண்ணை விமானத்தின் ஓர் அலங்காரமாகக் கருதிய மனோபாவத்திலிருந்து வந்தவை என்பது விளங்கும். நம் நாட்டு ஏர் இந்தியாவிலேயே, பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெறவேண்டும், வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் விவாகம் செய்துகொண்டாலும் முதல் முறை கர்ப்பமுற்றாலும் வேலையை இழக்கவேண்டும் என்று விதி இருந்தது. அதே விமானத்தில் அவர்களோடு உழைத்த பர்சர் என்கிற ஆண் பணியாளருக்கு ஓய்வு வயது 58. நர்கேஷ் மீர்ஸா என்பவரும் அவருடைய தோழிகளும் தொடுத்த வழக்கில், 1981 ஆகஸ்ட் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறிய தீர்ப்பு, கர்ப்பத்தைக் காரணமாக வைத்து வேலையிலிருந்து நீக்குவது இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்று கண்டித்து அந்த விதியைத் தள்ளிற்று. ஆனால் நான்கு ஆண்டு விவாகத் தடையை ஏற்றுக்கொண்டது. ஓய்வு வயதெல்லையோ படிப்படியாகவே உயர்ந்தது. அமெரிக்காவிலோ, பெண்களுக்கே உரியதென ஆண்களை விலக்கி வைத்திருந்த கதவை 1971-ல் ஒரு மேல்கோர்ட்டுத் தீர்ப்பு திறந்துவிட்டது. இவையெல்லாம் பழங்கதை என்று நினைப்பதற்கும் இடமில்லை. கர்ப்பமுற்ற பணிப்பெண்ணை நீக்க இடங்கொடுத்த கத்தார் ஏர்வேஸின் ஒப்பந்த நிபந்தனையைச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் பாரபட்சம் என்று கண்டது 2015-ல்.

அலங்காரம் என்று எண்ணப்பட்டவர்கள் ஆபத்து வந்தபோது எப்படி நின்றார்கள் என்பதற்கு நீர்ஜா பானோட் என்ற பணிப்பெண்ணின் சரித்திரம் ஒன்றே போதும். 1986 செப்டம்பர் 5-ந் தேதி, பம்பாயிலிருந்து நியூயார்க் செல்லும் வழியில் கராச்சியில் நின்ற பான் அமெரிக்கன் விமானத்தில், காவலர் உடையில் ஆயுதபாணிகள் நால்வர் ஏறியபோது, விமானிகள் தப்பித்துக்கொள்ளும்படி எச்சரித்து, விமானத்தை ஓட்டுவாரின்றி நிறுத்திவிட்டவர் அவர். அமெரிக்கர்களைப் பொறுக்கி எடுப்பதற்காகப் பாஸ்போர்ட்டுகளைச் சேகரிக்கும்படி கட்டளை பிறந்தபோது, அவரும் சகாக்களும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுகளை ஒளித்துவைத்தார்கள். சுமார் 17 மணி நேரத்துக்குப் பின் துப்பாக்கிப் பிரயோகம் தொடங்கியவுடன், கதவைத் திறந்து தாம் முதலில் குதித்துப் பிழைத்திருக்கக்கூடிய அந்தப் பெண், பிரயாணிகளை வெளியே அனுப்பிக்கொண்டு நின்று குண்டுபட்டு உயிர் துறந்தார். 23-ஆம் பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சமாதான காலத்து வீரத்துக்கு நம் தேசம் அளிக்கும் உயரிய விருதாகிய அசோக சக்கரத்தைப் பெற்ற முதல் பெண் அவரே.

அண்மைக் காலத்திலும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 2024 ஜனவரி 2-ந் தேதி டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் விமானத்தின்மேல் மோதித் தீப்பற்றிற்று. காவல் விமானத்தில் ஐவர் மாண்டார்கள். பயணி விமானத்தினுள் ஒலிபரப்புச் சாதனம் கெட்டுவிட்டது. எட்டு வாயில்களில் மூன்றுதான் உபயோகத்துக்கு ஏற்றவை. அந்த நிலையிலும் பணியாளர் ஒலிபெருக்கிக் குழாயையும் தம் குரலையும் கொண்டே வழி நடத்த, 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பின்னர் விமானம் முழுவதும் சாம்பலாயிற்று.

ஆகையால், இந்த வேலையை நாடும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் சில விஷயங்களை நன்றாக மனத்தில் கொள்ளவேண்டும். உடையையும் ஊர் சுற்றுவதையும் மட்டும் எண்ணி வருகிறவர்களை இந்த உத்தியோகம் விரைவிலேயே ஏமாற்றிவிடும். உயிர்களைக் காக்கும் பொறுப்பை விரும்பி வருகிறவர்களுக்கு இது கௌரவமான வாழ்வு. தனியார் பயிற்சிக் கூடங்களில் லக்ஷக்கணக்கில் பணம் கட்டிப் பெறும் சான்றிதழ் வேலையை உறுதி செய்வதில்லை. தேர்ந்தெடுத்தவர்களுக்கு அவசியமான பயிற்சியை விமானக் கம்பெனிகளே அளிக்கின்றன. கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து, எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்பாடு, இடையில் விலகினால் என்ன தொகை, பிரசவ லீவு எவ்வளவு, நோயுற்றால் என்ன ஏற்பாடு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். உறக்கத்தையும் உணவையும் ஒரு விரதம்போலக் காத்து, சம்பாதிப்பதில் ஒரு பகுதியைச் சேமித்து, தபால் மூலமாகவேனும் மேற்படிப்பைத் தொடர்ந்தால், என்றேனும் தரைக்கு இறங்கவேண்டி வந்தாலும் திகைக்கவேண்டிய அவசியம் ஏற்படாது.

உயரமும் இரவு விழிப்பும் கொந்தளிப்பும் ஆகாயத்தோடு பிறந்தவை. அவற்றை முழுதும் நீக்க யாராலும் ஆகாது. ஆனால் அநியாயக் கூலியும், அற்பக் காரணத்துக்கு வேலை நீக்கமும், பிரயாணிகளின் அவமரியாதையும் மனிதர்கள் உண்டாக்கியவை. மனிதர்கள் நினைத்தால் நீக்கக்கூடியவை. அதில் நமக்குரிய பங்கும் இருக்கிறது. அடுத்த முறை விமானத்தில் ஏறும்போது, பணியாளரைக் கைதட்டி அழைக்காமல் மரியாதையாகப் பேசுவோம். பாதுகாப்பு முறைகளை அவர்கள் விளக்கிக் காட்டும் அந்தச் சில நிமிஷங்கள் கைபேசியை ஒதுக்கிவைத்துக் கவனிப்போம். ஆபத்து வேளையில் பெட்டியை விட்டுவிட்டு எழுந்து வாருங்கள் என்று அவர்கள் சொன்னால், மறுவார்த்தை பேசாமல் எழுந்து செல்வோம்.